பெட்டியடியில் கிடக்கும் புத்தகங்கள்: மலையகத்தில் யாரும் தேடாத நூல்களைத் தேடிப் பதிவு செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் சில நூறு பிரதிகள் மட்டும் அச்சாகி, வெளியீட்டு விழா மேடையிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் கைமாறி, அதோடு ஓய்ந்துபோன புத்தகங்கள் ஏராளம். அவற்றைத் தேடப் புறப்படுகிறவர்களுக்கான வேலை ஒழுங்கு இது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஆர்வ மிகுதியில் நேரே தோட்டத்துக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். "பழைய புத்தகம் ஏதும் இருக்கா?" என்று நாலு வீட்டில் கேட்கிறார்கள். இல்லை என்ற பதிலோடு திரும்புகிறார்கள். அந்த வீடுகளில் புத்தகம் இருந்திருக்கும். கேட்ட விதமும் போன வரிசையும்தான் பிழை. ஆகவே கீழே உள்ளவற்றை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதல் மூன்றையும் வீட்டில் இருந்தபடியே முடித்துவிடலாம்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"மலையக இலக்கியம்" என்று எழுதினால் போதாது. அது மிக அகலம். ஊர், காலம், வகை மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். உதாரணமாக, "1960 முதல் 1985 வரை அட்டன், தலவாக்கலைப் பக்கம் வந்த தொழிற்சங்க வெளியீடுகள்." இப்படி எழுதிவிட்டால் யாரிடம் கேட்பது, எந்த அலுமாரியைத் திறக்கச் சொல்வது என்பது பாதி தெளிவாகிவிடும்.

வகையைத் தெரிவு செய்யும்போது கதை, கவிதை, நாவலோடு நிற்க வேண்டாம். அந்தப் பக்கத்தில் மலையக எழுத்தாளர்கள் சாரல் நாடனும் தெளிவத்தை ஜோசப்பும் ஏற்கெனவே நிறையத் தேடி எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னும் கைபடாமல் கிடப்பவை வேறு: கோயில் திருவிழா மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், சங்க மாநாட்டு மலர்கள், மரண வீட்டு நினைவு மலர்கள், சந்தையில் விற்ற மெல்லிய பாட்டுப் புத்தகங்கள், தோட்டங்களில் ஆடும் காமன்கூத்தின் பாடல்களை எழுதி வைத்த கொப்பிகள்.

இவற்றைப் பார்த்து "இதெல்லாம் ஒரு புத்தகமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு திருவிழா மலரின் நன்கொடைப் பட்டியலைப் பாருங்கள். யார் யார் எந்த டிவிசனில் (தோட்டப் பிரிவில்) இருந்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று வரிசையாக இருக்கும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போய்ச் சேர்ந்த குடும்பங்களில் பலவற்றின் பெயர் அந்தத் தோட்டத்தோடு சேர்ந்து அச்சில் வந்தது அந்த மலரில் மட்டுமாக இருக்கலாம். நல்ல நாவல் என்றைக்காவது மறுபதிப்பு வரும். நன்கொடைப் பட்டியலை யாரும் மறுபதிப்புச் செய்யப் போவதில்லை.

மலையகம் சார்ந்து முதலில் அச்சான நூல்களில் ஒன்றாகச் சொல்லப்படுவதே இலக்கிய அலுமாரிக்குள் சுலபமாக அடங்காத ஒன்று: 1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய கோப்பிக் கிருஷிக் கும்மி. கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மிப் பாட்டாகச் சொல்வது. இலக்கியம் மட்டும் தேடுகிறவர் விவசாயக் கையேடு என்று அதைத் தள்ளி வைத்திருப்பார்.

2. முதலில் பட்டியல், பிறகுதான் பயணம்

2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் மின்வடிவில் இருக்கின்றன. என். செல்வராஜா தொகுத்துவரும் நூல்தேட்டம் ஒரு தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்ற கணக்கில், பதிப்பாளர், அச்சகம், ஆண்டு, பக்கம், சிறு குறிப்பு என்று தருகிறது. இரண்டையும் பார்க்காமல் வெளியே கிளம்பாதீர்கள். ஏற்கெனவே மின்வடிவில் உள்ள புத்தகத்தை ஒரு நாள் முழுக்கச் செலவழித்து மறுபடி படம் பிடித்து வருவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் வீண்வேலை.

தேடும்போது எழுத்து வேறுபாடுகளை மறக்க வேண்டாம். அட்டன், ஹட்டன், நுவரெலியா, நுவரஎலியா, நூரளை, பொகவந்தலாவ, பொகவந்தலாவை என்று ஊர்ப் பெயர்களையும், தொழிற்சங்க முன்னோடி நடேசையரின் பெயரை நடேசையர், நடேசய்யர், நடேச ஐயர் என்றும் எல்லா வடிவத்திலும் தட்டிப் பாருங்கள். ஒரு வடிவத்தில் தேடிவிட்டு "பதிவில் இல்லை" என்று முடிவு கட்டுவது இந்த வேலையில் முதலாவது பிழை. தோட்டத்துக்கும் பெரும்பாலும் இரண்டு பெயர் இருக்கும்: பதிவில் உள்ள பெயர் ஒன்று, சனங்கள் சொல்கிற பெயர் ஒன்று. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவில் இரண்டு பட்டியல் வரும். ஒன்று, எங்கோ பிரதி இருக்கிறது என்று தெரிந்தவை. மற்றது, பெயர் மட்டும் தெரிந்தவை. இரண்டாவது பட்டியல்தான் உங்களுடைய வேலை.

3. கையில் உள்ள புத்தகத்தைப் பின்னாலிருந்து படியுங்கள்

பெயர் மட்டும் தெரிந்தவை பட்டியலை நீளமாக்குவது இந்தப் படி. அந்தக் காலத்து மலையகப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பின்னட்டையையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். "எமது பிற வெளியீடுகள்", "ஆசிரியரின் ஏனைய நூல்கள்" என்று இருக்கும். அடுத்து நன்றியுரை. பண உதவி செய்த கடைக்காரர், அட்டை வரைந்தவர், ப்ரூப் பார்த்த ஆசிரியர் என்று பெயர்கள் அங்கே வரும். அப்புறம் அச்சகத்தின் பெயர். ஒரு சின்ன ஊரில் ஒன்றிரண்டு அச்சகம்தான் இருந்திருக்கும். கல்யாணப் பத்திரிகையும் சங்க நோட்டீசும் கவிதைத் தொகுப்பும் ஒரே அச்சகத்தில்தான் வந்திருக்கும். ஆகவே ஆசிரியர் பெயரை விட அச்சகத்தின் பெயர் அதிகம் காட்டிக் கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. "அச்சில்", "விரைவில்" என்று அடைப்புக்குள் போட்ட தலைப்புகளை நம்ப வேண்டாம். பணம் இல்லாமலோ, 1977, 1983 போன்ற வன்செயல் ஆண்டுகளில் ஊரை விட்டுப் போனதாலோ வெளிவராமலே போன புத்தகங்கள் உண்டு. அத்தகைய தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் தனியாக வையுங்கள். இல்லாத புத்தகத்தை ஒரு வருடம் தேடுவதை விட இது நல்லது. ஆனால் முற்றாக வெட்டிவிடவும் வேண்டாம். அச்சாகாவிட்டாலும் கையெழுத்துப் பிரதி வீட்டில் இருக்கலாம்.

4. நூலகத்தில் கேட்கும் முறை

இலங்கையில் 1885ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி அச்சகங்கள் தாம் அச்சிடும் நூல்களின் பிரதிகளை அரசுக்குக் கொடுக்க வேண்டும். அதனால் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உங்கள் புத்தகம் இருக்க வாய்ப்பு உண்டு. பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் அப்படிப் பிரதிகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. "வாய்ப்பு உண்டு" என்றுதான் சொல்கிறேன். சிறு அச்சகங்கள் எல்லாம் ஒழுங்காகப் பிரதி அனுப்பியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சங்க வெளியீடுகளும் கோயில் மலர்களும் விடுபட்டிருக்கவே சாத்தியம் அதிகம்.

வெளி வாசகராகப் போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கேட்டு, அடையாள அட்டையோடும் என்ன தேவைக்கு என்று சொல்லும் கடிதத்தோடும் போங்கள். உள்ளே போனதும் தமிழ் அலுமாரியைக் காட்டச் சொல்லாமல் இலங்கை தொடர்பான தனிச் சேகரிப்பு எங்கே என்று கேளுங்கள். உள்ளூர் வெளியீடுகளை பெரும்பாலும் அங்கேதான் வைத்திருப்பார்கள்.

கண்டி டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம், பதுளை, நுவரெலியா, அட்டன் நகர நூலகங்கள், பிரதேச சபை வாசிகசாலைகள் என்று பிறகு கீழே இறங்கி வாருங்கள். சின்ன வாசிகசாலையில் பட்டியலைக் கேட்பதை விட, நூலகரிடம் "கழிக்க ஒதுக்கி வைத்த புத்தகங்களைப் பார்க்கலாமா?" என்று கேட்பது பலன் தரும். அட்டை கிழிந்தது, யாரும் இரவல் எடுக்காதது என்று ஒதுக்கிய குவியலில்தான் நமக்கு வேண்டியது இருக்கும். கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கொழும்பில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளையும் பார்க்கலாம். ஆனால் "அரிய நூல்" என்று கடைக்காரர் சொன்னதும் விலை ஏறும். பணம் கொடுத்து வாங்குவதை நான் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன். தோட்டத்தில் விலை சொல்ல ஆரம்பித்தால் அடுத்த வீட்டிலும் விலை பேச்சுத்தான் நடக்கும்.

5. பையில் இருக்க வேண்டியவை

பென்சில் (பேனை வேண்டாம், மை பட்டால் போகாது), மெல்லிய பெயின்ட் பிரஷ் ஒன்று, வெள்ளைப் பருத்தித் துணி, கறுப்புத் துணி, அடிமட்டம், நல்ல கமெரா உள்ள போன், பவர் பேங்க், பெரிய பொலித்தீன் பைகள் சில.

எந்த மாதம் போவது என்பதும் தயாரிப்பில் சேரும். அட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும். ஜனவரி முதல் மார்ச் வரை போவது நல்லது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பரவாயில்லை. ஈரக் காற்றில் பழைய கடதாசி இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கப் போனால் கிழியும்.

6. வீட்டுக்குப் போய்க் கேட்பது

முதல் ஆள் தோட்டத் தலைவரோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ ஆக இருக்கட்டும். அவரில்லாமல் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாசல் வாசலாக ஏறினால் நீங்கள் கணக்கெடுக்க வந்தவர், கடன் வசூலிக்க வந்தவர் என்று நினைப்பார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நல்ல நேரம். கொழுந்து நிறுக்கிற நேரத்திலும் சம்பள நாளிலும் போக வேண்டாம்.

கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கமாக நடக்கிற பேச்சு இது:

"அம்மா, ஐயா வச்சிருந்த பழைய புத்தகம் ஏதாவது இருக்குங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க தம்பி. பிள்ளைங்க படிச்ச புத்தகத்தக் கூட போத்தல் பேப்பர்காரருக்குப் போட்டாச்சு."

"மாநாட்டு மலரு, கோயில் நோட்டீஸ், சங்கத்து ரசீதுப் புத்தகம் அந்த மாதிரி?"

"அந்த மாதிரின்னா… ட்ரங்குப் பெட்டியில சங்கத்துப் பேப்பரு கட்டுக் கட்டா கெடக்கு. அது புத்தகம் இல்லீங்களே."

அந்த அம்மாவுக்குப் புத்தகம் என்றால் பாடசாலைப் புத்தகம். அதனால் "புத்தகம்" என்று பொதுவாகக் கேட்காமல் பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மலர், நோட்டீஸ், பாட்டுக் கொப்பி, சங்கக் காட், பேச்சு எழுதின கடதாசி. ஏற்கெனவே கிடைத்த ஒரு மலரின் அட்டைப் படத்தைப் போனில் காட்டினால் இன்னும் நல்லது. "இந்த மாதிரி ஒண்ணு பார்த்திருக்கிறேனே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பிப்பார்.

அலுமாரியைத் தேடாதீர்கள். சுவாமி படத்துக்குப் பின்னால், அட்டாளையில், அரிசிப் பெட்டிக்கு அடியில் விரித்த கடதாசியாக, பிறப்புச் சான்றிதழும் பிரசா உரிமைப் பத்திரமும் வைத்திருக்கிற பைக்குள் என்று இருக்கும். கடைசியாகச் சொன்னதை நீங்களாகத் தொடவே வேண்டாம். வீட்டார் எடுத்துத் தந்தால் மட்டும் பாருங்கள்.

எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. லயத்திலிருந்து புது வீட்டுக்கு மாறப் போகிற குடும்பம் முதலில். அண்மையில் வீட்டுப் பெரியவர் காலமான குடும்பம் அடுத்தது. ஆனால் முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு. வீடு மாறும்போதும் காரியம் முடிந்து வீடு ஒதுக்கும்போதும்தான் கட்டுக் கட்டாகப் பேப்பர்காரரிடம் போகிறது. எழுத்தாளர் வீடு என்று பெயர் பெற்ற வீட்டுக்கு அவசரமில்லை. அங்கே ஏற்கெனவே ஆட்கள் போயிருப்பார்கள்.

போத்தல் பேப்பர்காரரையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் போன் நம்பரைக் கொடுத்து, தமிழ் அச்சில் உள்ள மெல்லிய புத்தகம் வந்தால் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். கிலோ விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்.

இங்கே கிடைக்காவிட்டால் நீலகிரியைப் பாருங்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் கப்பல் ஏறும்போது பெட்டியில் மலர்களும் படங்களும் கொண்டுபோயிருக்கின்றன. உறவினர் வழியாக விசாரிப்பது கடிதம் எழுதுவதை விடச் சுலபம்.

7. இருந்த இடத்திலேயே படம் பிடியுங்கள்

"கொண்டுபோய் போட்டோக் கொப்பி எடுத்துத் தருகிறேன்" என்று சொல்ல வேண்டாம். அப்படி வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவர்கள் முன்பே பலர் வந்து போயிருப்பார்கள். அந்தக் கசப்பு வீட்டில் இருக்கும். அங்கேயே படம் பிடித்து அங்கேயே கொடுத்துவிட்டால் அடுத்த தடவை தேநீரோடு வரவேற்பார்கள்.

காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) வெளிச்சம் போதாது. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்), வெயில் நேரே படாத இடத்தில், கறுப்புத் துணியை விரித்து அதன் மேல் புத்தகத்தை வையுங்கள். பிளாஷ் வேண்டாம். பளபளப்பான அட்டையில் எழுத்து மறைந்துவிடும்.

வரிசை: முன்னட்டை, உள்தலைப்பு, பதிப்பு விபரப் பக்கம், கடைசிப் பக்கம், பின்னட்டை. இவை ஐந்தும் முடிந்த பிறகே உள்ளே. மழை வந்தாலோ போன் நின்றாலோ அந்த ஐந்து படங்களை வைத்தே பதிவு செய்துகொள்ளலாம். ஒரு படத்திலாவது அடிமட்டம் பக்கத்தில் இருக்கட்டும். அளவு பிறகு தேவைப்படும். வெற்றுப் பக்கத்தையும் விளம்பரப் பக்கத்தையும் விடாதீர்கள். பக்க எண் விளிம்போடு வெட்டுப்படாமல் பாருங்கள். ஓரத்தில் யாராவது பென்சிலால் எழுதியிருந்தால் அதை நெருக்கமாகத் தனியாக ஒரு படம்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது அன்றிரவே கணினியில் ஏற்றுங்கள். கோப்புப் பெயரில் தலைப்பும் ஊரும் திகதியும் வரட்டும்.

8. ஆண்டு இல்லாத புத்தகத்துக்கு ஆண்டு கண்டுபிடிப்பது

இந்த வகைப் புத்தகங்கள் பலவற்றில் ஆண்டு இருக்காது. ஒரு தடயத்தை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

விரலால் பக்கத்தின் பின்புறத்தைத் தடவுங்கள். எழுத்துகள் மேடாகத் தட்டுப்பட்டால் ஈய எழுத்துக் கோத்து அச்சடித்தது. வழவழப்பாக இருந்தால் ஓப்செட். லை, ணை, றா போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருந்தாலும் அதை வைத்து 1978க்கு முந்தியது என்று முடிவு கட்ட வேண்டாம். அது தமிழ்நாட்டில் சீர்திருத்தம் வந்த ஆண்டு. இங்கே அச்சகங்கள் பழைய எழுத்தைத் தேயும் வரை பாவித்தன.

முகவரியில் ஆங்கிலத்தில் சிலோன் என்று இருந்தால், நாடு குடியரசான 1972க்கு முந்தியதாக இருக்கலாம். அச்சகம் பழைய புளொக்கையே பாவித்திருக்கவும் கூடும். கண்டி தொலைபேசி எண் 081 என்றில்லாமல் 08 என்று இருந்தால் பழையது. சர்வதேச நூல் எண் 955 என்று தொடங்கிப் பத்து இலக்கமாக இருந்தால் பெரும்பாலும் 2007க்கு முந்தியது. 978-955 பிறகு வந்தது, 978-624 மிக அண்மையது.

முன்னுரையின் கீழ் உள்ள திகதி ஏமாற்றும். முன்னுரை வாங்கிப் பணம் சேர்க்கவே வருடங்கள் ஓடியிருக்கும். கோயில் மலர்களில் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருடச் சுற்றை நினைவில் வையுங்கள். விகாரி என்றால் 1959-60 ஆகவும் இருக்கலாம், 2019-20 ஆகவும் இருக்கலாம். விலை சதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும்.

உறுதியில்லாத ஆண்டைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடு எழுதி, என்ன தடயத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் குறியுங்கள்.

9. ஈரமும் பூச்சியும்

வீட்டாருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவை கொஞ்சம்தான். நனைந்த புத்தகத்தை வெயிலில் போட வேண்டாம், அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிடவும் வேண்டாம். பக்கங்களுக்கு இடையில் அச்சில்லாத வெள்ளைக் கடதாசி வைத்து, மாற்றி மாற்றி, காற்றோட்டத்தில் உலர விடுங்கள். பூஞ்சணத்தை நன்றாகக் காய்ந்த பிறகு, முகத்தை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே பிரஷால் தட்டுங்கள். ஈரத்தோடு துடைத்தால் கறை உள்ளே இறங்கிவிடும்.

செலோடேப் ஒட்டவே கூடாது. லெமினேட் செய்வதும் அப்படித்தான். பிறகு பிரிக்க முடியாது. துருப்பிடித்த ஸ்டேப்ளர் கம்பியை மட்டும் பின்புறமாக நிமிர்த்திக் கழற்றி, வெள்ளை நூலால் கட்டுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் மலைநாட்டுக் குளிரில் உள்ளேயே வியர்க்கும். பருத்தித் துணியில் சுற்றித் தரையிலிருந்து உயரத்தில் வைப்பதே மேல்.

10. எதைப் பொதுவில் போடலாம்

2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. கோ. நடேசையர் 1947இல் காலமானார், அவர் எழுதியவற்றை வெளியிட இப்போது தடையில்லை. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை காலமானது 1984இல், அவருடையவற்றுக்கு 2054 வரை உரித்தாளர்களின் அனுமதி வேண்டும். பெயர் தெரியாத சங்க வெளியீடு என்றால் அந்தச் சங்கத்திடம் கேளுங்கள். வாய்ப்பேச்சில் "சரி, போடுங்க" என்பது போதாது. இரண்டு வரி எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

சட்டம் தடுக்காவிட்டாலும் நினைவு மலர்களில் கவனம் தேவை. உயிரோடு இருக்கிறவர்களின் முகவரியும் குடும்ப விபரமும் அதில் இருக்கும். பட்டியலில் தலைப்பை மட்டும் போட்டுவிட்டு, உள்ளே உள்ளதைக் கேட்பவருக்குத் தனியாகக் காட்டினால் போதும்.

11. வாசித்து ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்

படம் பிடித்ததோடு நிறுத்துகிறவர்களே அதிகம். ஆயிரக்கணக்கான படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஒரு வாரத்துக்குள் வாசித்துவிடுங்கள். குறிப்பில் யார் எழுதியது, எந்தத் தோட்டம், எந்த அச்சகம், என்ன பெயர்கள், என்ன விலை, கூலி, தொகை என்பவை வரட்டும். நன்றாக எழுதியிருக்கிறதா இல்லையா என்ற தீர்ப்பு கடைசி வரியில் இருந்தால் போதும். ஆனால் அது இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பொக்கிஷம் என்று எழுதினால் அடுத்தவர் உங்கள் குறிப்பை நம்ப மாட்டார். சலிப்பான கவிதைத் தொகுப்பைச் சலிப்பானது என்றே எழுதுங்கள். அதன் பின்னட்டையில் உள்ள கடை விளம்பரம் மட்டும் வேறு யாருக்காவது உதவலாம்.

குறிப்பில் புதிதாக வந்த தலைப்புகளையும் அச்சகங்களையும் பெயர் மட்டும் தெரிந்தவை பட்டியலில் சேர்த்துவிட்டு, மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். குறிப்பின் ஒரு பிரதியையும் அட்டைப் படத்தின் அச்சுப் பிரதியையும் புத்தகம் தந்த வீட்டுக்கும் தோட்டப் பாடசாலை நூலகத்துக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். தபாலில் அனுப்பினால் தோட்ட அலுவலகத்திலேயே தங்கிவிடலாம், கையில் கொடுப்பதே நல்லது.